"போர்மட் அடிச்சா எல்லாம் சரி" என்கிற பொய்

போன் இறுகி நிண்டா போர்மட். சிப்புக்குள்ள வைரஸ் எண்டா போர்மட். பழைய போனை விக்கப் போனா போர்மட். கமரா சிப்பை வாசிக்க மாட்டன் எண்டு அடம்பிடிச்சா அதுக்கும் போர்மட். எங்கட நாட்டில் பனடோலுக்கு அடுத்தபடியாக எல்லா வருத்தத்துக்கும் எழுதிக் கொடுக்கப்படுகிற மருந்து இதுதான். கொமினிகேஷன் கடைக்காரர் சொல்கிறார், ஐடி படிக்கிற நண்பன் சொல்கிறான், போனே தன் திரையில் கேட்கிறது. நாங்களும் "ஓகே"யை அமத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம்.

இந்த "போர்மட் அடிச்சா எல்லாம் சரி" என்கிற ஒரு வசனத்துக்குள் இரண்டு பொய்கள் இருக்கின்றன. போர்மட் பண்ணினால் உள்ளே இருந்தது அழிந்துவிடும் என்பது முதலாவது. போர்மட் பண்ணினால் பழுது திருந்திவிடும் என்பது இரண்டாவது. முதலாவதை நம்பினால், அழிய வேண்டியது அழியாமல் கிடந்து யாரோ ஒருவரின் கைக்குப் போகிறது. இரண்டாவதை நம்பினால், இருக்க வேண்டியது இல்லாமல் போகிறது. இந்த இரண்டாலும் அடி வாங்குவது அனேகமாக ஒரே ஆட்கள்தான். பழைய போன் பாவிக்கிறவர்கள், மலிந்த சிப் வாங்குகிறவர்கள், பழுதென்றால் கடையில் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லாதவர்கள்.

"இது டெக்னிக்கல் விஷயம், கலைப்பீடத்துக்காரருக்கு ஏன்?" என்று கேட்கிற குரல் இப்போதே கேட்கிறது. நினைவு, ஆவணம், அதிகாரம் என்று பரீட்சைத் தாளில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். எங்கட சொந்த நினைவும் ஆவணமும் விரல் நகம் அளவான ஒரு கறுப்புத் துண்டுக்குள் கிடக்க, அதைப் பற்றி மட்டும் எங்களுக்கு ஒன்றும் தெரியத் தேவையில்லையாம். இதை நாங்கள் ஏற்கவில்லை.

போர்மட் உண்மையில் என்ன செய்கிறது

ஒரு பெரிய நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் அட்டவணை வைத்த இலாச்சிகள். எந்தப் புத்தகம் எந்த றாக்கையில் என்று அந்த அட்டைகள்தான் சொல்லும். இப்போது ஒருவர் வந்து இலாச்சியைக் கவிழ்த்து அட்டைகளை எல்லாம் வீசிவிட்டு, வெற்று இலாச்சியைத் திருப்பி வைத்துவிட்டு, "நூலகம் காலி" என்று அறிவிக்கிறார். உள்ளே றாக்கைகளில் புத்தகங்கள் அப்படியே இருக்கின்றன. புதுப் புத்தகம் வந்து அந்த இடத்தில் வைக்கப்படும் வரைக்கும் இருக்கும்.

எங்கட போனும் லப்டொப்பும் சாதாரணமாகச் செய்கிற "குயிக் போர்மட்" இதுதான். கோப்புகளின் பெயரும் இருப்பிடமும் எழுதிய அட்டவணை புதிதாக எழுதப்படுகிறது. படமும் குரலும் வீடியோவும் சிப்பிலேயே கிடக்கின்றன. சில கமராக்களும் சில போன்களும் இதைவிடக் கூடுதலாகத் துடைக்கும்தான். ஆனால் எது துடைக்கும், எது துடைக்காது என்று திரை எங்களுக்குச் சொல்வதில்லை. இரண்டுக்கும் ஒரே பட்டன், ஒரே சொல்.

இந்த நினைவகத்துக்கு "ஃபிளாஷ்" என்று பெயர் வந்ததே அழிப்பதை வைத்துத்தான். தொஷிபா நிறுவனத்தில் வேலை செய்த ஃபுஜியோ மசுவோக்கா 1984இல் இதை உலகுக்குக் காட்டினார். இன்றைக்கு எங்கட சிப்புகளில் இருக்கிற நான்ட் வகையை 1987இல் முன்வைத்தார். ஒவ்வொரு எழுத்தாக அழிக்காமல் ஒரு பெரிய பகுதியை ஒரே அடியில் அழிக்கும். அது கமரா ஃபிளாஷ் வெட்டுவதுபோல இருக்கிறதென்று அவரோடு வேலை செய்த ஒருவர் வைத்த பெயர் அது. கோடி கோடியாக உலகம் பாவிக்கிற இந்தக் கண்டுபிடிப்புக்கு உரிய பங்கு தரவில்லையென்று மசுவோக்கா தன் பழைய நிறுவனத்துக்கு எதிராக 2004இல் வழக்குப் போட்டார். கேட்டது 100 கோடி யென். 2006இல் சமரசமாகக் கிடைத்தது 8 கோடி 70 இலட்சம் யென். கண்டுபிடித்தவருக்கே இந்த நிலை என்றால், பாவிக்கிற எங்களுக்கு அதன் உள்வேலையை விளங்கப்படுத்த எந்தக் கொம்பனி மினக்கெடப் போகிறது?

முதலாம் பொய்: "அழிஞ்சிட்டுது"

போட்டோரெக் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. இலவசம். அட்டவணையை அது பார்ப்பதே இல்லை. நேரே சிப்பின் உள்ளே போய், படம் ஒன்று எப்படித் தொடங்கும், வீடியோ ஒன்று எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்து ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே போடும். பெயர் போயிருக்கும், படம் இருக்கும். இதற்குப் பெரிய அறிவு ஒன்றும் தேவையில்லை. ஒரு லப்டொப்பும் ஒரு பின்னேரமும் போதும்.

போர்மட் பண்ணிய சிப்போடு பழைய போனை விற்றுவிட்டு நிம்மதியாகப் போகிறவர் இதை அறியமாட்டார். திரை வெடித்த போனைச் சிப்போடு சேர்த்துக் கடையில் கொடுத்துவிட்டு "நாளைக்கு வாறன்" என்று போகிறவரும் அறியமாட்டார். கொடுத்த இடத்தில் நேர்மையான மனிசர் இருந்தால் தப்பினோம். இல்லாவிட்டால்?

இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது எங்களில் அனேகம் பேருக்குத் தெரியும். பெண் பிள்ளைகளுக்கு இன்னும் நல்லாகத் தெரியும். எப்போதோ எடுத்து, அழித்தும் விட்ட ஒரு படம் திரும்பி வருகிறது. தெரியாத ஓர் இலக்கத்திலிருந்து வட்ஸப்பில். அதோடு காசோ வேறு ஏதுமோ கேட்டு ஒரு மிரட்டல். அதன் பிறகு ஊர் கேட்கிற முதல் கேள்வி, "நீ ஏன் அப்பிடிப் படம் எடுத்தனி?"

இந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் சொல்லப் போவதில்லை. தன்னுடைய போனில் தன்னைத் தான் படம் எடுப்பது குற்றமில்லை. இன்னொருவரின் சிப்பைத் தோண்டி அதிலிருப்பதை எடுப்பதுதான் குற்றம். இந்த நாட்டின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியில்லாமல் மற்றவரின் கணினியையும் அதிலுள்ள தகவலையும் அணுகுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் இருந்து பதினெட்டு வருசத்துக்கு மேலாகிறது. ஆனால் பாதிக்கப்பட்ட பிள்ளை பொலிசுக்குப் போவதற்கு முதல் வீட்டாரைத் தாண்ட வேண்டும், வீட்டாரைத் தாண்டுவதற்கு முதல் அந்தக் கேள்வியைத் தாண்ட வேண்டும். மிரட்டுகிறவன் நம்பியிருப்பது போட்டோரெக்கை இல்லை, எங்கட சனத்தின் அந்தக் கேள்வியை.

சரி, உண்மையாக அழிப்பது எப்படி? சிப்பை விற்க வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். பழுதுக்குப் போனைக் கொடுக்க முதல் சிப்பையும் சிம்மையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டாயம் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், விண்டோஸில் போர்மட் பண்ணும்போது "குயிக் போர்மட்" என்ற இடத்தில் உள்ள சரியை எடுத்துவிடுங்கள். அப்போது சிப் முழுவதும் மேலெழுதப்படும். குயிக் போர்மட் சில வினாடிகளில் முடிகிறது, இதற்கு நிறைய நேரம் எடுக்கும். அந்த நேர வித்தியாசமே உங்களுக்கு உண்மையைச் சொல்கிறது. எஸ்டி காட் தரத்தை வகுக்கிற எஸ்டி அசோசியேஷன் இலவசமாகத் தருகிற போர்மட்டரிலும் "ஓவர்ரைட்" என்று ஒரு தெரிவு உண்டு. இப்படி மேலெழுதிய பிறகும் சிப்பின் உள்ளே ஒதுக்கி வைத்த பகுதிகளில் ஏதேனும் துண்டு மிஞ்சலாம். ஆனால் கடையில் கிடைக்கிற மென்பொருள் அதைத் தொடாது. அதுவும் பயமென்றால் குறட்டை எடுத்து சிப்பை இரண்டாக முறியுங்கள்.

இரண்டாம் பொய்: "சரியாகிடும்"

சிப்பைப் போட்டவுடன் போன் சொல்கிறது: "காட் பழுதடைந்துள்ளது. போர்மட் செய்யவும்." பழுது என்று அது சொல்வது பல நேரம் பழுதே இல்லை. "எனக்கு இந்தப் பாஷை தெரியாது" என்பதை அது அப்படிச் சொல்கிறது.

சிப்புக்குள் கோப்புகளை அடுக்குவதற்குப் பல முறைகள் இருக்கின்றன. 32 ஜிபி வரைக்குமான சிப்புகள் ஃபட்32 என்ற பழைய முறையில் வரும். அதற்கு மேற்பட்டவை எக்ஸ்ஃபட் என்ற முறையில் வரும். இந்த எக்ஸ்ஃபட் மைக்ரோசொப்டின் சொத்து. 2006இல் வெளிவந்தது. 2009இல் பெரிய சிப்புகளுக்கான தரத்தை வகுத்தபோது, உலகத்துக்கே பொதுவான ஒரு தரத்துக்குள் ஒரு தனி நிறுவனத்தின் காப்புரிமைச் சரக்கை வைத்தார்கள். அனுமதி வாங்காத போனுக்கு அந்தச் சிப் "பழுது". அதே 2009இல்தான் வழிகாட்டிக் கருவி செய்கிற டொம்டொம் நிறுவனத்துக்கு எதிராக, ஃபட்டில் நீளமான கோப்புப் பெயர் வைக்கிற முறை சம்பந்தமான காப்புரிமைகளையும் சேர்த்து மைக்ரோசொப்ட் வழக்குப் போட்டது. எக்ஸ்ஃபட்டின் விபரக்குறிப்பை அது எல்லோருக்கும் வெளியிட்டது 2019இல். பத்து வருசம். அந்தப் பத்து வருசத்தில் செய்த மலிவு போன்களில் எத்தனையோ இன்றைக்கும் எங்கட வீடுகளில் அம்மாவின் கையிலும் அப்பப்பாவின் கையிலும் இருக்கின்றன. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியபோது புதுப் போன் எட்டாத பொருளாகிவிட்டது. ஆகவே பழையது பழையதாகவே ஓடுகிறது. புதுச் சிப்பைப் போட்டவுடன் "போர்மட் செய்யவும்" என்கிறது. அதே சிப்பை லப்டொப்பில் போட்டால் படங்கள் எல்லாம் சிரித்துக்கொண்டு இருக்கும்.

இதில் சிரிப்பும் இருக்கிறது. விண்டோஸின் போர்மட் பெட்டி 32 ஜிபிக்கு மேல் ஃபட்32 ஆக்க விடாது. பெரிய விஞ்ஞானக் காரணம் இருக்குமென்று நாங்கள் நினைத்தோம். ஃபட்32 முறையே 2 டிபி வரைக்கும் தாங்கும். அந்தப் பெட்டியை 1994இல் எழுதிய டேவ் பிளமர் என்ற பொறியியலாளர் பிறகு பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார்: அது தற்காலிகமாகச் செய்த பெட்டி, 32 என்பதும் அன்றைக்குத் தான் எடுத்த ஒரு முடிவு என்று. முப்பது வருசம் கழித்து 2024இல்தான் அந்த எல்லையைக் கட்டளை வரியில் மட்டும் 2 டிபிக்கு உயர்த்துவதாக மைக்ரோசொப்ட் அறிவித்தது. யாரோ ஒருவர் ஒரு காலைப்பொழுதில் போட்ட இலக்கம் எங்கட வீட்டுச் சிப்பை ஆண்டிருக்கிறது.

ஃபட்32இல் இன்னொரு எல்லையும் உண்டு. ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. சாதாரண போன் வீடியோ அரை மணித்தியாலம் ஓடினாலே கிட்டத்தட்ட அங்கே போய் நிற்கும். விடிய விடிய ஆடுகிற வடமோடிக் கூத்தை ஒரு போனை நிறுத்தி வைத்துப் பதிவு செய்கிறவருக்கு இது தெரியாவிட்டால், காலையில் பார்க்கும்போது முதல் அரை மணித்தியாலம்தான் இருக்கும். துண்டு துண்டாகச் சேமிக்கிற கருவியா, 4 ஜிபியில் நின்றுவிடுகிற கருவியா என்று முதலே சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே "போர்மட் செய்யவும்" என்று திரை கேட்டால் முதல் பதில் "இல்லை". சிப்பைக் கழற்றி, வேறு ரீடரில், வேறு லப்டொப்பில் போட்டுப் பாருங்கள். வாசித்தால் உடனே எல்லாவற்றையும் வேறிடத்துக்குக் கொப்பி எடுங்கள். வாசிக்காவிட்டால் அந்தச் சிப்பில் புதிதாக ஒரு படமும் எடுக்காதீர்கள். ஒவ்வொரு புதுப் படமும் ஒரு பழைய புத்தகத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். மீட்பு மென்பொருளை ஓடவிட்டு, மீட்டதை வேறு ஹாட் டிஸ்கில் சேமித்து, எல்லாம் முடிந்த பிறகு போர்மட்டைப் பற்றி யோசிக்கலாம். முதலாம் பொய்யில் எங்களுக்கு எதிராக வேலை செய்த அதே மென்பொருள் இங்கே எங்கட பக்கம் நிற்கும்.

போலிச் சிப்பும் "மலிவுக்கு வாங்கினா அப்பிடித்தான்" என்ற நியாயமும்

போர்மட் மூடி மறைக்கிற மிகப்பெரிய களவு இது. 1 டிபி என்று அச்சடித்த சிப் சில நூறு, இரண்டொரு ஆயிரம் ரூபாய்க்கு விற்கப்படுகிறது. 1 டிபி மைக்ரோ எஸ்டி முதன்முதலில் அறிவிக்கப்பட்டதே 2019இல். உண்மையான ஒன்றின் விலை இன்றைக்கும் பல்லாயிரம் ரூபாய். அப்படியானால் அந்த மலிவுச் சிப்புக்குள் இருப்பது என்ன? 8 ஜிபியோ 16 ஜிபியோ உள்ள ஒரு துண்டு. அதன் கட்டுப்பாட்டு நிரலை மாற்றி, கேட்கிற கருவிக்கெல்லாம் "நான் 1 டிபி" என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள்.

உண்மையான கொள்ளளவு நிரம்பும் வரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். அதன் பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும். இல்லாவிட்டால் பழையதன் மேல் ஏறி அதைக் கெடுக்கும். அட்டவணை சிப்பின் தொடக்கத்தில் பத்திரமாக இருப்பதால் கோப்பின் பெயரும் அளவும் திரையில் சரியாகவே தெரியும். திறந்தால்தான் சாம்பல் நிறமாக ஒன்றும் இருக்காது. கடைக்குக் கொண்டுபோனால் போர்மட் அடித்துத் தருவார்கள். திரும்ப 8 ஜிபி வரைக்கும் நல்லாக வேலை செய்யும். வாங்கினவரும் "ஓ, சரியாகிட்டுது" என்று போவார். அடுத்த கலியாணவீட்டுப் படங்களும் போகும்.

இங்கேதான் அந்த நியாயம் வரும்: "மலிவுக்கு ஆசைப்பட்டா அப்பிடித்தான்." ஒருவரின் கையில் ஆயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்பது ஆசை இல்லை. 16 ஜிபியை 16 ஜிபி என்று சொல்லி விற்றிருந்தால் அதே காசுக்கு அவருக்குப் பிரயோசனமான ஒரு பொருள் கிடைத்திருக்கும். பொய் சொன்னவரை விட்டுவிட்டு நம்பினவரைத் திட்டுவது, மேலே சொன்ன "நீ ஏன் படம் எடுத்தனி" என்ற கேள்வியின் தம்பிதான்.

சோதிப்பது கஷ்டமில்லை. விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்று இலவசக் கருவிகள் உண்டு. சிப்பை முழுவதும் எழுதி நிரப்பி, எழுதியதைத் திரும்ப வாசித்துப் பார்த்து, உண்மையான அளவைச் சொல்லிவிடும். புதுச் சிப் வாங்கினால் முதல் வேலை இதுதான், படம் எடுப்பது பிறகு. பில்லைக் கேட்டு வாங்குங்கள். பில் இருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம். 2003ஆம் ஆண்டிலிருந்து அதற்குச் சட்டம் இருக்கிறது.

போர்ட்டபிளா, இன்டேர்னலா?

புதுச் சிப்பை அன்ட்ரொய்ட் போனில் போடும்போது சில போன்கள் ஒரு கேள்வி கேட்கும்: போர்ட்டபிள் ஸ்டோரேஜா, இன்டேர்னல் ஸ்டோரேஜா? 2015இல் வந்த அன்ட்ரொய்ட் 6இலிருந்து இந்தத் தெரிவு இருக்கிறது. "இன்டேர்னல்" என்றால் போனின் இடம் கூடும் என்று நண்பர்கள் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அப்போது சிப் போர்மட் ஆகி, மறைகுறியாக்கப்பட்டு, அதன் திறப்பு அந்தப் போனுக்குள் மட்டுமே இருக்கும். அந்தப் போன் தண்ணிக்குள் விழுந்தாலோ, "பக்டரி ரீசெட்" பண்ணினாலோ திறப்பும் போய்விடும். சிப் நல்லாக இருக்கும், உள்ளே இருப்பதை ஒருவராலும் எடுக்க முடியாது.

கடைசிக் காலத்தில் இருக்கிற பழைய போனில் இதைச் செய்வது, இடிந்துவிழப் போகிற வீட்டுக்குள் பெட்டகத்தைக் கட்டிவைப்பது போல. படமும் குரலும் வைக்கிற சிப் என்றால் "போர்ட்டபிள்" தான். ஆனால் போர்ட்டபிள் சிப்பைக் கழற்றி எந்தக் கருவியிலும் வாசிக்கலாம். களவு போனால் களவெடுத்தவரும் வாசிப்பார். அதையும் தெரிந்துகொண்டு தெரிவுசெய்ய வேண்டும். ஒரு கேள்வியும் விளங்காமல் "ஓகே" அமத்துவதற்குப் பெயர் தெரிவு இல்லை.

எங்கட பீடத்தின் கதை

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு வருசமும் இறுதி வருட மாணவர்கள் ஆய்வேட்டுக்காகக் கிராமங்களுக்குப் போகிறார்கள். இடம்பெயர்ந்த கதை, கடற்றொழிற் சொற்கள், கோயிற் சடங்கு, தாலாட்டு, ஒப்பாரி, காணி போன கதை. வயதான ஆட்களோடு மணித்தியாலக் கணக்கில் இருந்து பதிவு செய்கிறார்கள். பிறகு அதில் நாலைந்து வசனத்தை எடுத்து ஆய்வேட்டில் போடுகிறார்கள். ஆய்வேடு கட்டி, அட்டை போட்டு, நூலகத்துக்குப் போகிறது. அந்தக் குரல்?

எங்களுக்குத் தெரிந்த ஒரு துறையில் நடந்தது இது. பதிவுக் கருவி ஒன்றை எல்லா மாணவருக்கும் முறை வைத்துக் கொடுப்பார்கள். திருப்பிக் கொடுக்கும்போது "போர்மட் பண்ணிக் குடுங்கோ" என்பது விதி. அடுத்தவருக்கு இடம் வேண்டுமே. கருவிக்கு ஒரு பதிவேடு இருக்கிறது. யார் எடுத்தார், எப்போது தந்தார், கீறல் விழுந்திருக்கிறதா எல்லாம் அதில் எழுதப்படும். உள்ளே இருந்த குரல்களுக்குப் பதிவேடு இல்லை. பேசின ஆட்களில் சிலர் இப்போது உயிரோடும் இல்லை.

யாழ் நூலகம் 1981இல் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. அதை நாங்கள் வருசா வருசம் நினைவுகூருகிறோம், கூர வேண்டும். எரித்ததையும் இதையும் ஒன்று என்று சொல்லவில்லை. அங்கே எரித்தவர்கள் இருந்தார்கள். இங்கே எவரும் எதிரி இல்லை. "ஓகே" அமத்துகிற எங்கட விரல்தான். அதனால்தான் கோபம் கூட வருகிறது. தடுக்கக்கூடியதைத் தடுக்காமல் விட்டுவிட்டு, தடுக்க முடியாமற் போனதற்கு மட்டும் விளக்கேற்றுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

மூலக் கோப்பு ஏன் முக்கியம் என்று இந்த மண்ணுக்கு ஒருவரும் வந்து சொல்லித்தரத் தேவையில்லை. 2009இல் சனல் 4 ஒளிபரப்பிய போன் வீடியோவை ஐ.நா. விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்தார். 2010 ஜனவரியில் அவர்கள் அது உண்மையானதாகவே தெரிகிறது என்றார்கள். அந்த வாதத்தில் கோப்புக்குள் பதிந்திருந்த திகதியும் ஒரு கேள்வியாக வந்தது. அந்தளவுக்கு ஒரு கோப்பின் உள்விபரம் பெறுமதியானது. நாங்களோ படத்தை வட்ஸப்பில் அனுப்பி, அதைத் திரும்ப இறக்கி "பக்கப் இருக்கு" என்கிறோம். வட்ஸப் படத்தைச் சுருக்கும், எடுத்த திகதியையும் இடத்தையும் கழற்றிவிடும். டொக்யூமென்டாக அனுப்பினால்தான் மூலம் மூலமாகப் போகும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ஒரு தாய் எங்களை நம்பி, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னது வெளியே போனால் அவருக்கு ஆபத்து. அப்படியான பதிவை அழிக்கச் சொன்னால் அது உண்மையாக அழிய வேண்டும். குயிக் போர்மட் பண்ணிய கருவியை அடுத்த மாணவனின் கையில் கொடுத்தால், தாலாட்டைத் தொலைத்தவர்களும் நாங்கள்தான், அந்தத் தாயின் இரகசியத்தைக் கையளித்தவர்களும் நாங்கள்தான். ஒரே பட்டன் இரண்டு துரோகத்தையும் செய்யும்.

"இப்ப ஆர் சிப் பாவிக்கினம், எல்லாம் கிளவுட்டில்தானே" என்பவர்களுக்கு ஒரு பதில். கூகிள் போட்டோஸ் அளவில்லாத இலவச இடத்தை 2021 ஜூனில் நிறுத்தியது. இப்போது 15 ஜிபிதான் இலவசம். இரண்டு வருசம் திறக்காத கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து அழிக்கலாம் என்று விதியும் கொண்டுவந்துவிட்டது. டேட்டா காட் போட்டு 30 ஜிபி வீடியோவை ஏற்றுகிற மாணவர் எத்தனை பேர்? கிளவுட் ஒரு பிரதிக்கு நல்லது. அதுவே ஒரே பிரதி என்றால், வேறொருவரின் வீட்டில் வாடகைக்கு வைத்த பெட்டி அது.

நாங்கள் கேட்பது

பீடத்திடம்: களப்பதிவு எடுத்த மாணவர் கருவியைத் திருப்பித் தர முதல், மூலக் கோப்பு இரண்டு ஹாட் டிஸ்கில், இரண்டு வெவ்வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். யார் பேசினார், எங்கே, எப்போது, என்ன அனுமதியோடு என்ற ஒரு பக்கக் குறிப்பு கூடவே வேண்டும். பேசியவர் அழிக்கச் சொன்னால் முழு மேலெழுதலோடு அழித்ததற்கும் பதிவு வேண்டும். வெளியிடச் சம்மதித்தவற்றை 2005இலிருந்து தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமப்படுத்தி வருகிற நூலகம் நிறுவனம் போன்ற இடங்களுக்குக் கொடுக்கலாம். ஒரு ஹாட் டிஸ்கின் விலை ஒரு கருத்தரங்கின் பூமாலைச் செலவைவிடப் பெரிதாக வராது.

கடைக்காரரிடம்: சிப்பைக் கழற்றி வாடிக்கையாளரின் கையில் கொடுத்த பிறகு போனை வாங்குங்கள். சிப் விற்றால் சோதித்துக் காட்டி விற்கலாம். நேர்மையாக நடக்கிற கடைகள் எத்தனையோ இருக்கின்றன, அவர்களுக்கு இது நட்டமில்லை.

வாசிக்கிற உங்களிடம்: இந்தக் கிழமை வீட்டில் இருக்கிற சிப்புகளை எடுங்கள். அம்மாவின் பழைய போனில், அலுமாரி இலாச்சியில், கமராப் பையில் கிடப்பவை. முதலில் கொப்பி எடுங்கள். பிறகு எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று வீட்டாரோடு கதைத்து முடிவெடுங்கள். இருக்க வேண்டியதை இரண்டு இடத்தில் வையுங்கள். போக வேண்டியதை முழுவதுமாக மேலெழுதுங்கள்.

அதற்குப் பிறகு வேண்டுமென்றால் போர்மட் அடியுங்கள்.